பட்டியலில் முதலில் நிற்கும் பெயர்

எங்கள் நண்பர் வட்டத்தின் கணினி 2024 கோடையில் ஒருநாள் மாலை எழுத்துகளைத் தாமதமாகத் தரத் தொடங்கியது. விசையைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். சிறிது நேரம் ஒன்றும் நிகழாது. பிறகு, பேருந்து நின்றதும் இறங்குகிற கூட்டத்தைப் போல, நான்கைந்து எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து விழும். பெட்டிக்குள் இருந்த காற்றாடி மாவு மில்லைப் போல இரைந்துகொண்டிருந்தது. அறையில் பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

இலக்கியம் பேசும் இடத்தில் கணினி பழுதைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர்கள் நினைக்கலாம். இன்று தமிழில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோரின் கைப்பிரதி காகிதத்தில் இல்லை. அது ஏதோ ஒரு வட்டின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது. அந்த வட்டைக் குறித்து முடிவெடுக்கும் அதிகாரத்தை நாம் யாரிடம், எவ்வளவு எளிதாகக் கொடுத்துவிடுகிறோம் என்பதே இங்கு எங்கள் கவலை.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் ஐந்து பேர். மாடியில் ஓர் அறை. நண்பர்களின் வீட்டுப் பரண்களில் கிடந்த பழைய சிற்றிதழ்களை வாங்கிவந்து, ஸ்கேனரில் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்து, மெய்ப்புத் திருத்தி வைக்கிறோம். பிரித்தெடுக்கும் வேலையைச் செய்வது டெசராக்ட் என்ற மென்பொருள். 1980களில் எச்.பி. நிறுவனத்தில் உருவாகி, 2005-இல் திறமூலமாக வெளியிடப்பட்டு, பின்னர் கூகுளின் ஆதரவில் வளர்ந்தது. தமிழையும் படிக்கும். என்றாலும் துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பிக்கொள்ளும். 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தைய இதழ்களில் வரும் பழைய ‘ணை’யையும் ‘றா’வையும் கண்டால் திகைத்து நின்றுவிடும். அதைத் திருத்துவதில்தான் எங்கள் மாலைப் பொழுதுகள் கழிகின்றன. அது வேறு கதை.

பழுது பார்க்க வந்த இளைஞர் நல்லவர். செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, இரண்டு நிமிடம் திரையைப் பார்த்தார். காற்றாடியின் இரைச்சலைக் கேட்டார். “அண்ணாச்சி, எட்டு வருசம் ஓடியிருக்கு. பார்மட் அடிச்சிரலாம். அதுக்கும் சரியா வரலைன்னா புதுசுதான்” என்றார். டி டிரைவில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது என்றும் உறுதி சொன்னார்.

இந்த உறுதிமொழியை எங்கள் நண்பர் ஒருவர் 2011-லேயே கேட்டிருக்கிறார். கரிசல் காட்டு விவசாயச் சொற்களை நான்கு ஆண்டுகளாகச் சேகரித்துத் தட்டச்சு செய்து வந்தவர் அவர். ஏர், கமலை, வண்டி இவற்றின் உறுப்புகள், மாட்டின் நிறங்கள், மழையின் வகைகள் என்று, சொன்னவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லாத சொற்கள். கணினியை இயக்கியவுடன் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அந்தக் கோப்பைத் திரையின் முகப்பிலேயே வைத்திருந்தார். முகப்பில் தெரிவதெல்லாம் சி டிரைவில் இருப்பவை என்பது அவருக்குத் தெரியாது. டி டிரைவுக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. அது காலியாக இருந்தது. நண்பர் அதற்குப் பிறகு அந்தத் தொகுப்பு வேலையைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டால் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

எனவே நாங்கள் இரண்டு நாள் அவகாசம் கேட்டோம். வெளிவட்டில் பிரதி இருந்தது, ஆனால் அது எட்டு மாதம் பழையது. அதற்குப் பின் மெய்ப்புத் திருத்திய பக்கங்கள், இதழ்வாரியான பொருளடக்கம், இன்று எங்கு தேடியும் கிடைக்காத பழைய எழுத்துருக்கள், அவற்றில் மட்டுமே படிக்க முடிகிற யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள் எல்லாம் அந்த ஒரே வட்டில் இருந்தன. முதல் நாள் முழுவதும் வேறொன்றும் செய்யாமல் அவற்றை வெளிவட்டுக்கு நகலெடுத்தோம். கணினி இருந்த நிலையில் அதற்கே விடியும்வரை ஆயிற்று.

இங்கே பழுது பார்ப்பவர்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பார்மட் என்பது அவர்களுடைய சோம்பேறித்தனத்தின் விளைவு என்று நாங்கள் எண்ணவில்லை. வட்டை அழித்து விண்டோசைப் புதிதாக நிறுவினால், செய்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு ஒரு கூலி நிலைபெற்றிருக்கிறது, நாமும் மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, “இந்த ஒரு மென்பொருளை நிறுத்தினேன், சரியாகிவிட்டது” என்றால், “இதற்கா இவ்வளவு?” என்று கேட்பவர்களும் நாமேதான். பார்ப்பதற்குக் கூலி கிடையாது, அழிப்பதற்கு உண்டு என்று ஆக்கி வைத்துவிட்டு, ஏன் அழித்தாய் என்று கேட்பதில் நியாயமில்லை.

சொற்குழப்பமும் ஒரு காரணம். நம் ஊர்களில் ‘சி.பி.யூ.’ என்றால் மேசைக்கடியில் இருக்கும் தகரப்பெட்டி முழுவதும். “சி.பி.யூ. போயிருச்சு” என்று சொல்லும்போது போனது மின்வழங்கியா, வட்டா, நினைவகமா என்பது யாருக்கும் தெரியாது. உண்மையில் அந்தப் பெயருக்கு உரியது, உள்ளே கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்கக்கூடிய ஒரு சில்லு மட்டுமே. அதைத் தமிழில் ‘செயலி’ என்று எழுதிவந்தோம். கைப்பேசி வந்ததும் அச்சொல் வேறு பொருளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆகவே இக்கட்டுரையில் ப்ராசசர் என்றே சொல்கிறோம், தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ப்ராசசர் எதற்காக உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதை விண்டோஸ் ஒளித்து வைப்பதில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். டேவ் பிளம்மர் என்ற மைக்ரோசாப்ட் பொறியாளர் எழுதியது, 1996-இல் விண்டோஸ் என்.டி. 4.0 உடன் வந்தது. இத்தனை ஆண்டுகளாக நம் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் இந்தப் பட்டியலைத் திறந்து படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நாங்களும் அதுவரை, உறைந்துபோன நிரலை முடித்துவைக்க மட்டுமே அதைத் திறந்திருக்கிறோம். முன்பொருமுறை எங்களில் ஒருவர் அதில் ‘சிஸ்டம் ஐடில் பிராசஸ் 97’ என்று கண்டு, கணினியின் உயிரை உறிஞ்சும் வைரஸ் இதுதான் என்று முடிவுகட்டி, அதை ஒழிக்க அரைமணி நேரம் போராடினார். அது ப்ராசசர் சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு. நூற்றில் தொண்ணூற்றேழு பங்கு ஓய்வு என்று பொருள்.

பட்டியலைத் திறந்ததும் எந்தப் பத்தி நிரம்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ப்ராசசர், நினைவகம், வட்டு மூன்றுக்கும் தனித்தனிப் பத்திகள் உண்டு. மெதுவாகிவிட்ட கணினிகள் பலவற்றில் ப்ராசசர் சும்மாதான் இருக்கும். பழைய சுழல்வட்டு ஈடுகொடுக்க முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், அல்லது நினைவகம் போதாமல் வட்டைத் துணைக்கு அழைத்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு மருந்து வேறு. எங்களுடையதில் ப்ராசசர் பத்திதான் நூறைத் தொட்டு நின்றது. அந்தப் பத்தியின் தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் உழைப்பவர் மேலே வருவார். வந்தவர் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்சிகியூட்டபிள்’, அதாவது விண்டோசின் சொந்தக் காவலாளி. அடுத்து, கோப்புகளைத் தேடுவதற்கான அகராதியைத் தயாரிக்கும் ‘சர்ச் இண்டெக்சர்’.

குற்றவாளி கிடைத்துவிட்டான் என்றே நினைத்தோம். இந்தக் காவலாளியை நிறுத்திவிடும்படி ஆலோசனை சொல்பவர்களுக்கும் பஞ்சமில்லை. நாங்களும் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்தோம். காற்றாடியின் இரைச்சல் சற்றுக் குறைந்தது, எழுத்துகள் கொஞ்சம் சீராக வந்தன. பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுவார்கள். நாங்களும் நின்றிருப்போம். ஆனால் காவலாளி இல்லாத கணினியில் ஊராரின் பென்டிரைவ்களைச் செருகுவதற்கு எங்களில் மூத்தவர் உடன்படவில்லை. தவிர, அவர் கேட்ட ஒரு கேள்விக்கு எங்களிடம் பதிலும் இல்லை: “காவல்காரன் எட்டு வருசமா இருக்கான். முந்தாநாள்லருந்து மட்டும் ஏன் இப்படி ஓடுறான்?”

காவலாளி தானாக ஓடுவதில்லை. வட்டில் புதிதாக ஒரு கோப்பு எழுதப்பட்டால் அதைத் திறந்து சோதிப்பது அதன் வேலை. அகராதி தயாரிப்பவருக்கும் ஏறக்குறைய அதே வேலைதான், புதிய கோப்பு வந்தால் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இருவரும் இடைவிடாமல் உழைக்கிறார்கள் என்றால், யாரோ இடைவிடாமல் கோப்புகளை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த யாரோவைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. பட்டியலின் மேற்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் எங்கள் பிழை. கீழே, இரண்டு சதவீதம், மூன்று சதவீதம் என்று எழுதியிருந்த வரிகளுக்கு நடுவே, ஒரு பெயர் தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. டெசராக்ட். இது எங்களுடைய ஆள்தானே, இங்கு இருப்பதில் வியப்பில்லை என்று கடந்துபோக இருந்தோம். விவரங்கள் காட்டும் பக்கத்தில் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. இந்தப் பெயர் ஒவ்வொரு முறை தோன்றும்போதும் எண் வேறாக இருந்தது. ஒரே நிரல் ஓடிக்கொண்டிருக்கவில்லை, ஒன்று பிறந்து நொடிப்பொழுதில் மடிய, உடனே அடுத்தது பிறந்துகொண்டிருந்தது. அதே பக்கத்தில் பத்தித் தலைப்பின் மீது வலப்பொத்தானை அழுத்தினால் ‘கமாண்ட் லைன்’ என்ற பத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த நிரல் என்ன கட்டளையோடு அழைக்கப்பட்டது என்பதை அது காட்டும். சேர்த்தோம். பிறந்து மடிந்த அத்தனையும் ஒரே ஒரு பக்கத்தின் படத்தைப் படிக்க முயன்று மடிந்திருந்தன.

நடந்தது இதுதான். முந்தின நாள் மாலை அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருக்கிறது. படம் பாதியில் அறுந்து, சேதமான கோப்பாக நின்றுவிட்டது. புதிய படங்கள் வந்தால் எடுத்து டெசராக்டுக்குக் கொடுக்கும் சிறு நிரலை எழுதியவர் எங்களில் இளையவர். படிக்க முடியாவிட்டால் மறுபடி முயல வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். எத்தனை முறை என்று எழுதவில்லை. அது இரவும் பகலும் முயன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தற்காலிகக் கோப்பையும் ஒரு பிழைக்குறிப்பையும் எழுதியது. காவலாளி ஒவ்வொன்றையும் சோதித்தார், அகராதிக்காரர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். அறுந்த கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தினோம். காற்றாடி அடங்கி, அறையில் மின்விசிறியின் சத்தம் கேட்டது.

புதிய கணினி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு பேசிக்கொண்டோம். பழைய வட்டிலிருந்து எங்கள் கோப்புறையைப் பத்திரமாக நகலெடுத்திருப்போம். அந்தச் சிறு நிரலும், அறுந்த படமும் அதனுடன் சேர்ந்தே வந்திருக்கும். இன்னும் வேகமான ப்ராசசர் இன்னும் வேகமாகத் தோற்றுக்கொண்டிருந்திருக்கும். பார்மட் செய்திருந்தாலும் கதை இதேதான், மேலே வரும் பெயர்களின் வரிசை வேண்டுமானால் மாறியிருக்கும்.

எங்களுக்கு நேர்ந்தது ஏதோ அபூர்வம் என்று எண்ண வேண்டாம். 2013-இல் உலகெங்கும் விண்டோஸ் எக்ஸ்.பி. கணினிகள் பல, இயக்கியவுடன் ப்ராசசர் நூறைத் தொட்டு நெடுநேரம் செயலற்று நின்றன. பட்டியலின் உச்சியில் ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற பெயர் இருந்தது. அது ஒரு பொதுப் புனைபெயர். நம் சிற்றிதழ்களில் ஓர் ஆசிரியரே பல புனைபெயர்களில் இதழை நிரப்பியதுண்டு. இங்கே தலைகீழ், பல சேவைகள் ஒரே பெயரில் ஒளிந்துகொள்ளும். உள்ளே இருந்தது விண்டோஸ் புதுப்பிப்புச் சேவை. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஒரு திருத்தம் அதற்கு முந்தையதை ரத்துசெய்ய, அது அதற்கும் முந்தையதை ரத்துசெய்ய, அந்தச் சங்கிலி நீண்டுகொண்டே போயிற்று. கணு ஒன்று கூடும்போதெல்லாம் சோதிக்கும் நேரம் இரட்டிப்பாகும்படி நிரல் எழுதப்பட்டிருந்ததால் ப்ராசசர் அதிலேயே மூழ்கியது. பழைய கணினி, அதனால்தான் இப்படி என்று எத்தனை பெட்டிகள் காயலான் கடைக்குப் போயினவோ. 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு ஒன்றிலிருந்து, போதிய நினைவகம் இருந்தால் பெரும்பாலான சேவைகளைத் தனித்தனியாகக் காட்டுகிறார்கள் என்பது ஆறுதல்.

முன்பின் தெரியாதவருக்காக நம் கணினி உழைத்த காலமும் உண்டு. 2017 முதல் 2019 வரை இயங்கிய காயின்ஹைவ் என்ற சேவையின் நிரலை ஓர் இணையதளத்தில் பொருத்திவிட்டால், அங்கே வந்து படிப்பவரின் ப்ராசசர் மொனேரோ என்ற மின்பணத்தைச் சம்பாதித்துத் தளத்துக்காரருக்கும் காயின்ஹைவுக்கும் கொடுக்கும். சொல்லிச் செய்தவர்கள் சிலர், சொல்லாமல் செய்தவர்களும் அடுத்தவர் தளத்தில் திருட்டுத்தனமாகப் பொருத்தியவர்களும் பலர். பட்டியலில் தெரிவதோ உலாவியின் பெயர் மட்டும். இன்றும் குரோம் உலாவியில் ஷிப்ட்டுடன் எஸ்கேப்பை அழுத்தினால் எந்தத் தாவல் எவ்வளவு உழைப்பை விழுங்குகிறது என்று தனித்தனியே பார்க்கலாம்.

வெப்பத்தையும் விட்டுவிடக்கூடாது. எங்கள் ஊர்க் கரிசல் புழுதி பெட்டிக்குள் புகுந்து காற்றாடியின் இறக்கைகளில் கம்பளிபோலப் படிந்துவிடும். சூடு எல்லை தாண்டினால் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதே வேலைக்கு அதிக நேரம் பிடிப்பதால் பளு கூடினாற்போலத் தெரியும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒரு மெல்லிய தூரிகையால் துடைத்தோம். வந்த புழுதியில் ஒரு தொட்டிச் செடி வைக்கலாம் போலிருந்தது.

பார்மட் ஒருபோதும் கூடாது என்று நாங்கள் சொல்லவரவில்லை. தீநிரல் உள்ளே புகுந்து, எதை நம்புவது என்று தெரியாத நிலையில் அதுவே சரியான வழி, அப்போது தயங்குவதுதான் ஆபத்து. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோயிற்று. எங்கள் கணினியின் ப்ராசசரை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே புதியது வாங்கச் சொல்பவர்களின் வாதத்தில் இப்போது வலு கூடியிருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. பாதுகாப்புக்காக மாற்றுவது ஒரு முடிவு, மெதுவாக இருக்கிறது என்பதற்காக மாற்றுவது வேறொரு முடிவு. இரண்டையும் ஒரே ரசீதில் எழுதிக் கொடுக்கும்போதுதான் எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. ஒரு கதை சரியாக வரவில்லை என்றால், எந்த வாக்கியத்தில் தடுக்குகிறது என்று இரண்டாம் முறை படித்துப் பார்க்கிற வாசகர்கள்தாம் நாம் எல்லோரும். ஏனோ இந்தப் பட்டியலுக்கு மட்டும் அந்தப் பொறுமை நமக்கு வருவதில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த இளைஞர் பார்மட் செய்வதற்கான வட்டோடு வந்தார். நடந்ததைச் சொன்னோம். அடையாள எண் மாறிய கதையைக் கேட்டுச் சிரித்தார். ‘கமாண்ட் லைன்’ பத்தியை எப்படி வரவழைப்பது என்று கேட்டு, இருமுறை செய்து பார்த்துக்கொண்டார். வந்துபோன கூலியை வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தோம்.

அறுந்துபோன பக்கத்தை மறுநாள் மீண்டும் ஸ்கேன் செய்தோம். அப்படி என்னதான் அதில் இருக்கிறது என்று எல்லோருக்கும் ஆவல். கவிதையோ கதையோ இல்லை. சந்தா பாக்கியை அனுப்பாதவர்களுக்கு ஆசிரியர் எழுதிய நினைவூட்டல், அந்த ஆண்டில் மூன்றாவது முறையாக.